மருத்துவர் பதில்: வெள்ளம் வடிந்த பிறகும் எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

கேள்வி: வயது 38. பாளையங்கோட்டை பக்கம் அரசு சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமில் மருத்துவக் குழுவோடு பத்து நாள் வேலை பார்த்தேன். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் அங்கே இருந்தார். ரோடு அறுந்துபோனதால் அவரை வெளியே கொண்டுபோக முடியவில்லை. முப்பது மணி நேரம் கண் விழித்திருந்த நான் அவர் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். நாற்பது நிமிஷம் இருக்கும். எழுந்து பார்த்தபோது அவர் உயிர் போயிருந்தது. ஒரு பிரசவமும் அங்கேயே பார்த்தோம். இப்போதும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் வாசல்படியில் தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். நனைந்த மெத்தை வாடை வந்தால் குமட்டுகிறது. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிறேன். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். வேலையில் கை ஓடுகிறது, மனசு மரத்துக் கிடக்கிறது. தூங்குவதற்கு மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கிப் போடுகிறேன். மாமியார் சுடலைமாடன் கோயில் திருநீறு பூசிவிட்டு, "வெள்ளந்தான் வடிஞ்சி போச்சுல்லா, இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருந்தா எப்படி?" என்கிறார். வீடு வாசலை இழந்தவர்களே எழுந்து நடமாடும்போது எனக்கு என்ன கேடு? இது வியாதியா, என் பலவீனமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

சிஸ்டர், வார்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன். கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது வியாதி. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மன அழுத்த நோய், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்போமே, அதோடு நீங்கள் எழுதிய அறிகுறிகள் அப்படியே பொருந்துகின்றன. முதல் ஒரு மாதம் இப்படி இருந்தால் இயல்பு என்று விடலாம், பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். மாதங்கள் கடந்தும் மழைச் சத்தம் உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறதென்றால் வைத்தியம் பார்த்தாக வேண்டும். நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். ஆனால் சரியான வைத்தியத்தில் பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வீடு இழந்தவர்களே நடமாடுகிறார்களே என்று எழுதியிருக்கிறீர்கள். நிவாரண வேலைக்குப் போய் வந்தவர்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். தான் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில், இந்த நோயை உண்டாக்கும் அனுபவங்களுக்கு உதாரணமாக, இறந்தவர்களின் உடல்களைச் சேகரிக்கிற மீட்புப் பணியாளர்களின் அனுபவத்தையே சொல்லியிருக்கிறார்கள். உதவப் போனவர்களுக்கும் இது வரும் என்பதில் மருத்துவத்துக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது.

சரி, அந்த நாற்பது நிமிஷத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கனமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் செய்கிறவருக்கு அது தவறினால் உடம்பில் நீர் சேரும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும்போது பல சமயம் முன்னறிவிப்பே இருக்காது. ஐ.சி.யூ.வில் திரையில் கோடு மாறுவதைப் பார்த்துத்தான் நாங்களே ஓடுகிறோம். உங்களிடம் அந்தத் திரை இருந்ததா? பி.பி. கருவி, டிரிப் பாட்டில், ஓ.ஆர்.எஸ்., காய்ச்சல் மாத்திரை, டி.டி. ஊசி, இவைதானே இருந்திருக்கும்? நீங்கள் விழித்திருந்து அவருக்கு மூச்சு வாங்குவதைக் கண்டிருந்தாலும் அடுத்து அவருக்கு வேண்டியது டயாலிசிஸ் எந்திரம். அந்த வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம் அது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஒரு ரயிலே மாட்டிக்கொண்டது. ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட வேண்டியிருந்த இடத்திலிருந்து அந்தப் பெரியவரை எந்த வழியாக, எதில் வைத்துக் கொண்டுபோயிருப்பீர்கள்?

இதையெல்லாம் செவிலியரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. ஏனென்றால் ரோட்டையோ மழையையோ நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க முடியாது, தூங்கிப்போன சிஸ்டரைக் கேட்கலாம். முடிவு தெரிந்த இன்றைய நீங்கள், முடிவு தெரியாமல் முப்பது மணி நேரம் நின்ற அன்றைய உங்களைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறீர்கள். குற்ற உணர்வு இந்த நோயின் ஒரு பகுதி. காய்ச்சலில் உடம்பு வலிப்பது போலத்தான் அது. அது சொல்வதையெல்லாம் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. பெரியவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். பிரசவத்தைப் பற்றி ஒரே வாக்கியம். கரண்ட் இல்லாத பள்ளிக்கூடத்தில், நாலு பக்கமும் தண்ணீர் நிற்கும்போது ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்கித் துடைத்துக் கையில் கொடுத்திருக்கிறீர்கள்! அது உங்கள் நினைவில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. பொய்யாக ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. அடிபட்ட நினைவு இப்படித்தான் இருக்கும், ஒரு காட்சி மட்டும் பெருத்து மற்றதையெல்லாம் மறைத்து நிற்கும். வைத்தியத்தின் பாதி வேலை அந்தப் பத்து நாளையும் திரும்ப வரிசைப்படுத்துவதுதான்.

என் கதையையும் சொல்கிறேன். 2004 சுனாமி முடிந்து சில நாளில் குளச்சல் பக்கம் முகாம் வேலைக்குப் போனேன். ஒரு தாய் மாத்திரை வாங்க வந்தார். வாங்கிக்கொண்டு போகாமல் அப்படியே நின்றார். அப்புறம் கேட்டார், "டாக்டர், எம் பிள்ள அன்னைக்கி என்ன கலர் சட்ட போட்டிருந்தான்னு ஞாபகம் வரமாட்டேங்கு, அதுக்கு மாத்திர இருக்கா?" என்னிடம் பதில் இல்லை. ஊர் திரும்பிய பிறகு இரண்டு வருஷம், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் என் மகள் போட்டிருக்கிற உடுப்பின் நிறத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். பாதி வழியில் மறந்துவிட்டால் வண்டியைத் திருப்பி வந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். மனநலம் படித்த நானே அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மூத்த டாக்டர் ஒருவர் கண்டுபிடித்துக் கேட்டார். முகாமுக்குக் கிளம்பிய காலையிலிருந்து வீடு திரும்பி ராத்திரி சாப்பிட்டது வரை வரிசையாகச் சொல் என்றார். ஒரே நாளில் முடியவில்லை, ஏழெட்டு வாரம் ஆனது. அதனால்தான் நீங்கள் டார்ச்சோடு வாசலுக்குப் போவது எனக்கு விநோதமாகவே தெரியவில்லை.

ஆனால் யாரிடமும் கட்டாயத்துக்காகப் பேசாதீர்கள். பேரிடர் முடிந்ததும் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, பார்த்ததைச் சொல்லுங்கள் என்று ஒரே தடவையில் கொட்ட வைக்கிற கூட்டங்கள் உண்டு. அதனால் நோய் தடுக்கப்படுவதில்லை, சிலருக்குக் கூடியும் போகிறது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பயிற்சி பெற்ற ஒருவரிடம், நம்பிக்கை வந்த பிறகு, உங்கள் வேகத்தில் சொல்ல வேண்டும். வாரம் ஒரு தடவை என்று எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று ஒரு முறை, கண்ணை இடவலமாக அசைக்கச் சொல்லி நினைவைக் கையாளுகிற இன்னொரு முறை, இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை தருவார்கள். பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகும், அதற்குள் வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

அல்பிரசோலத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது தூங்க வைக்கும், இந்த நோயை ஆற்றாது. பழகிவிட்டால் விடுவது கஷ்டம். அதற்காக இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். அட்டையைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். அப்படியே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். தூக்கக் குறைவும் எரிச்சலும் அங்கிருந்தும் வரும்.

மெத்தை வாடை ஏன் குமட்டுகிறது என்றால், மூக்கு வாங்குவது மூளையில் பயத்தையும் நினைவையும் காக்கிற இடத்துக்கு நேராகப் போய்விடுகிறது. கண்ணும் காதும் வாங்குவதற்கு நடுவில் ஒரு சோதனைச்சாவடி உண்டு, வாடைக்கு இல்லை. அதனால் யோசிப்பதற்குள் வயிறு புரண்டுவிடும். அந்த நேரம் கால் இரண்டையும் தரையில் அழுத்தி, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள்.

அப்புறம் பாலம். ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள் நாம், தாமிரபரணியைப் பார்க்காமல் இந்த ஊரில் எத்தனை நாள் இருக்க முடியும்? கண்ணை மூடும் ஒவ்வொரு தடவையும், தப்பித்தோம் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது, பயம் இன்னும் ஒரு படி ஏறுகிறது. மெதுவாகத் திருப்ப வேண்டும். சித்திரையில் தண்ணீர் குறைந்து பாறை தெரிகிற நாளில் குறுக்குத்துறைப் படித்துறையில் துணையோடு போய் உட்காருங்கள், காலை நனைக்க வேண்டும் என்றில்லை. அடுத்து சுலோச்சனா முதலியார் பாலத்தில் பகலில், ஜன்னல் சீட்டில், கண்ணைத் திறந்து ஒரு தடவை. அது பழகிய பிறகு அதே பாலத்தில் நடந்து. மழை நாளும் ராத்திரியும் கடைசியில். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் ஓடி வந்தால் பலன் இல்லை. இதையும் சிகிச்சை தருபவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

எங்கே போவது? பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்த முகங்கள் பார்த்துவிடுமே என்று தயக்கமாக இருந்தால் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமே இருக்கிறது. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

மாமியார் திருநீறு பூசட்டும். அவருக்குத் தெரிந்த மருந்தை அவர் போடுகிறார், அந்தக் கையின் சூடும் உங்களுக்கு வேண்டியதுதான். எங்கள் மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி எழுதுவது உங்கள் கணவருக்கு, அவரிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள். தம்பி, ராத்திரி மழை பெய்து அவர் எழுந்தால், "பேசாமப் படு" என்று சொல்லாதீர்கள். கூடவே எழுந்து போங்கள். வாசல் லைட்டைப் போடுங்கள். படி காய்ந்து கிடப்பதை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். ஒரு வாய் வெந்நீர் கொடுத்துக் கூட்டிவந்து படுக்க வையுங்கள். முதல் நாள் டாக்டரிடம் போகும்போது அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். உள்ளே அவர் பேசி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் இருந்தால் போதும்.