ஹெல்மெட்டைக் கழற்றினால் பக்கத்தில் நிற்பவர் நகர்கிறார்!

கேள்வி: உணவு டெலிவரி வேலை. பகல் முழுக்க ஹெல்மெட் தலையில்தான், உள்ளே புளித்த நாற்றம். சென்ட் அடித்தால் இரண்டு வாசனையும் கலந்து தலைவலிதான் மிச்சம். பெட்ரோல் தொட்டுத் துடை என்கிறார் நண்பர், அந்துருண்டை போட்டு வை என்கிறார்கள் வீட்டில். எதைச் செய்யலாம்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். பஞ்சுக்குப் பின்னால் தெர்மோகோல் மாதிரி ஓர் அடுக்கு இருக்கிறதே, கீழே விழுந்தால் அடியை வாங்கிக்கொண்டு நசுங்கி உங்கள் தலையைக் காப்பாற்றுவது அதுதான். பெட்ரோலும் தின்னரும் பட்டால் அது கரையும். அந்துருண்டையின் ஆவியே அதை இளக்கிவிடும், துணி அலமாரியோடு அது நிற்கட்டும்.

நாற்றத்துக்கு வியர்வை மட்டும் காரணமில்லை. வியர்வையும் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் பஞ்சில் ஊறிக்கிடக்க, அதைத் தின்று வளரும் பாக்டீரியா செய்கிற வேலை அது, அதனால்தான் மேலே எத்தனை சென்ட் அடித்தாலும் போவதில்லை. எண்ணெயை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பஞ்சு கழற்ற வருகிறதா என்று பாருங்கள். கன்னத்தை ஒட்டி இருப்பது பெரும்பாலும் பிரஸ் பட்டனில்தான் மாட்டியிருக்கும், மெதுவாக இழுத்தால் டக்கென்று வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் தலைக்குப் போடும் ஷாம்பு ஒரு பாக்கெட் கரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். முதல் தண்ணீர் டீ நிறத்தில் இறங்கும், பயப்பட வேண்டாம், தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஸ்பாஞ்ச் கிழியும், துண்டில் வைத்து அழுத்தினால் போதும். கொதிநீர், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம்.

கழற்ற வராத ரகமா? அப்படியே ஷாம்பு தண்ணீர் விட்டு அலசலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் காய்வதுதான் தலைவலி, கவிழ்த்து வைக்காமல், ஹெல்மெட்டின் திறந்த பக்கம் மின்விசிறியைப் பார்த்தபடி வையுங்கள், ஒரு நாளுக்கு மேலேகூட ஆகும். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிப்பது, சூடான சைலன்ஸர் மேல் வைப்பது எல்லாம் கூடாது. அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டால் முன்னைவிட மோசமாக நாறும், மழைக்காலத்தில் பூஞ்சையும் சேரும். அதனால் விடுமுறைக்கு முந்தின ராத்திரி துவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தாடைக்குக் கீழே போடுகிற பட்டையை மறந்துவிடாதீர்கள், பாதி நாற்றம் அங்கேதான். பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள்.

அப்புறம், உள்ளே ஒரு பருத்திக் கைக்குட்டை கட்டிக்கொண்டு அதைத் தினம் துவைத்துவிட்டால் பஞ்சை அடிக்கடி துவைக்கும் வேலை இல்லை. ராத்திரி சீட்டுக்கு அடியில் பூட்டி வைக்காமல் காற்றாட மாட்டுங்கள். பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து முடியில் ஒட்ட ஆரம்பித்துவிட்டதா, துவைத்துப் பயனில்லை. சில ஹெல்மெட்டுகளுக்குப் பஞ்சு தனியாகவே கிடைக்கும், கடையில் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துப் புதிதாக வாங்கிவிடுங்கள்.