தமிழ் பீரியடில் கணக்கு நோட்டு

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், கணிதப் பிரிவு. எட்டாம் வகுப்பு வரை செய்யுள் என்றால் அவனுக்கு உயிர். முக்கூடற்பள்ளில் வரும் ‘ஆற்று வெள்ளம் நாளை வர’ பாட்டை ராகத்தோடு சொல்லி, இலக்கிய மன்றப் போட்டியில் கோப்பை வாங்கியவன். இப்போது செய்யுள் பகுதியைத் திறப்பதே இல்லை. “படிச்சு என்ன பிரயோஜனம்?” என்கிறான். தமிழ் கட்-ஆஃபில் சேராது என்பதால் நானும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் ஐயாவிடம் பேசி, அவர் வகுப்பில் இவன் கணக்குப் போட்டுக்கொள்ள அனுமதிகூட வாங்கிக் கொடுத்தேன். காலாண்டில் தமிழில் 31 வாங்கியிருக்கிறான். எதிர்ப்பேச்சு வேறு. அம்பாசமுத்திரத்தில் என் தங்கை வீட்டில் இருக்கும் அவன் ஆச்சியைப் பார்க்கக் கூப்பிட்டால், “வந்து என்ன ஆகப்போகுது?” என்கிறான். இவனுக்கு எப்படிப் புத்தி சொல்வது?

– ஒரு விவசாயி, வீரவநல்லூர்

பதில்: அவனுக்குப் புத்தி சொல்வது இருக்கட்டும். ‘அனுமதிகூட வாங்கிக் கொடுத்தேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அண்ணாச்சி, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதைச் செய்துவிட்டு, மகன் மாறிவிட்டான் என்று எனக்கே கடிதமும் எழுதுகிறீர்கள்!

அன்று அவனும் பக்கத்தில்தான் நின்றிருப்பான். உங்கள் வகுப்பில் உட்கார்ந்து இவன் வேறு வேலை பார்க்கட்டும் என்று ஒரு வாத்தியாரிடம் அப்பா கேட்கிறார், அவரும் சரி என்கிறார். வேறென்ன சொல்வார்? வருஷா வருஷம் இப்படி நாலு அப்பாக்கள் வந்து நிற்கிறார்கள். அதற்கப்புறம் தினமும் அவர் கரும்பலகைப் பக்கம் நின்று பாட்டை வாசிக்க, இவன் குனிந்தபடி இன்டக்ரேஷன் போட்டுக்கொண்டிருக்கிறான். ‘என்ன பிரயோஜனம்’ என்ற கேள்வியை அவன் தெருவில் பொறுக்கவில்லை. நீங்கள் கையில் கொடுத்தது. கட்-ஆஃபில் சேராதது எதுவும் வேண்டாம் என்று பழகியவன் ஆச்சியையும் அந்தக் கணக்கில்தான் வைப்பான். இன்னும் இருபது வருஷத்தில் உங்கள் முறையும் வரும்.

பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் வைத்து 200-க்குத்தான் கட்-ஆஃப் போடுகிறார்கள். தமிழ் அதில் வராது, உண்மைதான். ஆனால் தமிழில் 35 எடுக்காமல் பிளஸ் டூ தேற முடியாதே. காலாண்டில் 60 வாங்கியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பாட்டு படித்தால் பிழைப்பு கெட்டுவிடும் என்ற பேச்சு நம் ஊரில் எடுபடாது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தன் வீட்டு முற்றமான வட்டத்தொட்டியில் நண்பர்களை உட்காரவைத்து, கம்பனை ரசிக்கச் சொல்லிக்கொடுத்த ‘ரசிகமணி’ டி.கே.சி. (டி.கே.சிதம்பரநாத முதலியார்) வக்கீலுக்குப் படித்தவர்.

அவன் கோப்பை வாங்கிய பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மலையாள மின்னல் ஈழமின்னல் சூழமின்னுதே’ என்று வருகிறது. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மின்னல், கடல் பக்கம் ஒரு மின்னல். உங்களுக்கு இதற்கு நோட்ஸ் வேண்டுமா? அப்புறம், வெள்ளம் வரப்போவதற்கு இன்னொரு குறியாக, சேற்று நண்டு தன் வளையை அடைக்கிறது என்கிறார் புலவர். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் பார்க்கிற ஆள் நீங்கள். வரப்போரம் நண்டு சேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வளை வாயை மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். மூடிய மறுநாள் மழை வருமா, வராதா என்று அவனுக்குச் சொல்லவேண்டியது ஐயா இல்லை, நீங்கள். அவன் பாடித் திரிந்த காலத்தில் ஒருநாளாவது வயலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினீர்களா? கோப்பையை மட்டும் ஷோகேஸில் பத்திரமாக வைத்திருப்பீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மகனைக் கூட்டிக்கொண்டு ஐயாவை நேரில் போய்ப் பாருங்கள். போனில் பேசி முடிக்கிற வேலை இது இல்லை. “நான் கேட்டது தப்புங்க ஐயா, இனி உங்க வகுப்பில் இவன் தமிழ்தான் படிப்பான்” என்று இரண்டு பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். பையனுக்குத் தனியாக உபதேசம் வேண்டாம், தமிழுக்கு டியூஷனும் வேண்டாம். மனப்பாடப் பாட்டை ராத்திரி உங்கள் முன்னால் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு நீங்களும் உட்கார்ந்து கேட்க வேண்டும். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், கண்டுகொள்ளாதீர்கள்.

ஆச்சியைப் பார்க்க அவன் வரமாட்டேன் என்றான், சரி. அன்று நீங்கள் போனீர்களா? அதை எழுதவில்லை. தங்கை வீட்டில் இருப்பது உங்களைப் பெற்றவர். வீரவநல்லூரிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? இந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் போங்கள்.