பேஸ்மென்ட்டில் கழிவுநீர்: ஆர்.ஆர்.எஸ்.பி. பணத்தை எடுத்து 32,000 டொலர் செலவழிக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் 1960களில் கட்டப்பட்ட தனி வீடொன்றில் வசிக்கிறோம். பேஸ்மென்ட்டை ஒரு தம்பதிக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். 2024 ஜூலை மழையில் பேஸ்மென்ட்டின் தரை வடிகால் வழியாகவும் குளியலறை வழியாகவும் கழிவுநீர் மேலெழுந்து, தரையும் தளபாடங்களும் பழுதாகிவிட்டன. சுவர்களில் ஈரம் இருக்கவில்லை. காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தந்தது. ஆனால் அடுத்த புதுப்பித்தலின்போது கழிவுநீர் மீள்வருகைக்கான உச்சவரம்பை 15,000 டொலராகக் குறைத்து, டிடக்டிபிளை, அதாவது இழப்பில் நாங்களே ஏற்க வேண்டிய முதல் தொகையை, 5,000 டொலராக உயர்த்திவிட்டது. பெருமழை பெய்தால் பின்வளவிலும் இரண்டு நாட்களுக்குத் தண்ணீர் நிற்கிறது. வீடு தேடி வந்த ஒப்பந்தகாரர் ஒருவர், அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டி நீர்த்தடுப்புச் செய்ய 32,000 டொலர் கேட்கிறார். மாதத் தவணையும் தருவதாகச் சொல்கிறார். எங்களிடம் டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 18,000 டொலரும், ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்தில் சுமார் 60,000 டொலரும் உள்ளன. வீட்டை ஈடாக வைத்துப் பெறும் ஹீலொக் கடன் வசதியும் உண்டு, அதை இதுவரை பயன்படுத்தவில்லை. ஆர்.ஆர்.எஸ்.பி.யை எடுத்து இந்த வேலையை முடித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எதிலும் கையெழுத்திட வேண்டாம். பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முன்னதாக, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சுவர்கள் காய்ந்திருந்தன, தண்ணீர் தரை வடிகாலால் ஏறியது என்கிறீர்கள். வெளிப்புற நீர்த்தடுப்பு என்பது மண்ணிலுள்ள ஈரம் அத்திவாரச் சுவர் வழியாகக் கசிவதைத் தடுக்கும் வேலை. வீதியிலுள்ள கழிவுநீர்க் குழாய் நிரம்பி, உங்கள் வீட்டுக் குழாயால் பின்னோக்கி வரும் தண்ணீரை அது ஒரு துளிகூடத் தடுக்காது. 32,000 டொலரைச் செலவழித்த பிறகும் அடுத்த பெருமழையில் அதே வடிகாலால் அதே தண்ணீர் வரும்.

2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவானது. 2013 ஜூலை 8 அன்று அதே இடத்தில் 126 மில்லிமீற்றர். இவ்வளவு மழை ஒரு சில மணி நேரத்தில் விழும்போது, கழிவுநீர்க் குழாய்களுக்குள் மழைநீரும் புகுந்துவிடுகிறது. உங்கள் வீட்டின் காலத்தில் கட்டப்பட்ட பல வீடுகளில், அத்திவாரத்தைச் சுற்றியுள்ள நீரைச் சேகரிக்கும் வீப்பிங் டைல் குழாய் நேரடியாகக் கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்பட்டிருப்பதும் அதற்கு ஒரு காரணம். குழாய் நிரம்பினால் தண்ணீர் மிகத் தாழ்ந்த திறப்பைத் தேடும். அந்தத் திறப்பு உங்கள் பேஸ்மென்ட்டின் தரை வடிகால்.

ஆகவே முதற்செலவு, உரிமம் பெற்ற பிளம்பர் ஒருவரைக் கொண்டு குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்ப்பது. மர வேர், வெடிப்பு, வீப்பிங் டைல் இணைப்பு ஆகிய மூன்றையும் பற்றி எழுத்தில் அறிக்கை கேளுங்கள். அதன் பின்னர் பேக்வாட்டர் வால்வு. வீதிப் பக்கமிருந்து தண்ணீர் திரும்பி வரும்போது இதன் மடல் தானாக மேலெழுந்து வழியை மூடிவிடும். இங்கே பலரும் கவனிக்காத ஒரு விடயம் உண்டு: வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மழை உச்சத்தில் இருக்கும்போது மேல்மாடியில் யாராவது குளித்தாலோ, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தைப் போட்டாலோ, அந்தத் தண்ணீர் பேஸ்மென்ட்டில்தான் வந்து நிற்கும். வீப்பிங் டைல் அதே குழாயில் இணைந்திருந்தால் அந்த நீரும் உள்ளேதான் வரும். அப்படியிருந்தால் அந்த இணைப்பைத் துண்டித்து, நீரை ஒரு குழிக்குள் விட்டு, சம்ப் பம்ப் மூலம் வளவுக்கு வெளியேற்ற வேண்டும். பம்ப்புக்கு மின்கலத் துணை அவசியம். புயல் மழையில் முதலில் நிற்பது மின்சாரம்.

ரொறன்ரோ மாநகரசபை இந்த மூன்று வேலைகளுக்கும் மானியம் தருகிறது. 2024 மழையின்போது நடைமுறையிலிருந்த விதிகளின்படி, செலவில் 80%, வால்வுக்கு அதிகபட்சம் 1,250 டொலர், சம்ப் பம்ப்புக்கு 1,750 டொலர், குழாய்த் துண்டிப்புக்கு 400 டொலர், மொத்தம் 3,400 டொலர். இந்த வரம்புகளைச் சபை மாற்றியமைப்பதுண்டு என்பதால், வேலையைத் தொடங்குமுன் சபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து அன்றைய வரம்பையும் விண்ணப்பக் கெடுவையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பீலியிலிருந்து இறங்கும் குழாய்கள் நிலத்தடிக் குழாயிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், வால்வு பொருத்த அனுமதிப்பத்திரம் பெற வேண்டும், ஒப்பந்தகாரர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் தேவையில்லை, காசாகத் தந்தால் குறைத்துத் தருகிறேன் என்று சொல்பவரை அந்த இடத்திலேயே அனுப்பிவிடுங்கள். அவரிடம் மிச்சம்பிடிக்கும் தொகையைவிட இழக்கும் மானியம் பெரிதாக இருக்கும்.

கணக்குக்காக, வால்வுக்கு 2,400, பம்ப்புக்கு 3,500, துண்டிப்புக்கு 800 என்று விலை வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,700 டொலர். மேற்சொன்ன வரம்புகளின்படி 3,400 திரும்பக் கிடைத்தால், உங்கள் கைச்செலவு 3,300. ஆனால் மானியம் வேலை முடிந்த பிறகே வரும் என்பதால், முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அதை டி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து எடுங்கள். அதற்கு வரி இல்லை, எடுத்த தொகைக்கான இடமும் அடுத்த ஆண்டு ஜனவரி 1 அன்று மீண்டும் கிடைத்துவிடும். மானியம் வரும்வரை மீதமிருக்கும் 11,300 டொலரில் 5,000 டொலரைத் தனியே, இலகுவில் எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள். டிடக்டிபிள் அவ்வளவாக இருக்கும்வரை அந்தப் பணம் உங்களுடையதல்ல என்று எண்ணிக்கொள்வது நல்லது.

ஆர்.ஆர்.எஸ்.பி.யைத் தொட வேண்டாம் என்பதற்குக் காரணம் கணக்கிலேயே தெரியும். 15,000 டொலருக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால், ஒன்ராறியோவில் வங்கி 30% வரியைப் பிடித்துக்கொண்டுதான் தரும். கையில் 32,000 வரவேண்டுமானால் ஏறத்தாழ 45,700 டொலரை எடுக்க வேண்டும். அந்த 45,700 முழுவதும் அவ்வாண்டு வருமானத்துடன் சேர்க்கப்படும். உங்கள் வரி வீதம் 30%க்கு மேலே போனால், அடுத்த ஏப்ரலில் வரிக் கணக்கு முடிக்கும்போது இன்னும் கட்ட வேண்டியிருக்கும். டி.எஃப்.எஸ்.ஏ. போல அந்தப் பங்களிப்பு இடம் திரும்பி வராது. அறுபதாயிரத்தில் முக்கால் பங்கை, பிரச்சினையைத் தீர்க்காத வேலைக்காக அழிப்பதாகிவிடும்.

பின்வளவுத் தண்ணீருக்குப் பெரும்பாலும் பெரிய பணம் தேவைப்படாது. ஒரு பெருமழையில் குடையுடன் வெளியே போய், பீலிக் குழாயின் வாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி முடிந்தால், கூரை முழுவதன் நீரையும் அத்திவாரத்துக்கு நீங்களே ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குழாயை இரண்டு மீற்றராவது நீட்டுங்கள். சுவரோரம் மண் தாழ்ந்திருந்தால், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியும்படி மண் போட்டு இறுக்க வேண்டும். நம்மவர்களில் பலர் சுவரோரம் பலகை அடித்துப் பாத்தி கட்டி, கத்தரியும் மிளகாயும் நடுவார்கள். அந்தப் பலகை தண்ணீரைச் சுவருடன் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். பாத்தியை வேலியோரம் நகர்த்துங்கள். ஆனால் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓடும் பள்ளமான வாய்க்காலை மட்டும் நிரப்ப வேண்டாம், நிரப்பினால் தண்ணீர் அயலவர் வீட்டுக்குப் போகும், பின்னர் வழக்கறிஞர் செலவும் சேரும்.

வேலை முடிந்ததும் ரசீதுகள், அனுமதிப்பத்திர முடிவு, வால்வின் புகைப்படம் ஆகியவற்றைத் தரகரிடம் கொடுத்து, 15,000 டொலர் வரம்பை உயர்த்தவும் டிடக்டிபிளைக் குறைக்கவும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் வேறு நிறுவனங்களில் விலை கேட்கச் சொல்லுங்கள். கழிவுநீர் மீள்வருகையும், நிலத்தின் மேலாக ஓடி வரும் வெள்ளமும் காப்புறுதியில் இரண்டு தனித்தனி இணைப்புகள். பின்வளவில் நீர் தேங்கும் உங்களுக்கு இரண்டாவதும் வேண்டும். பேஸ்மென்ட் வாடகைக்கு விடப்பட்டிருப்பது நிறுவனத்துக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் இன்றே சொல்லுங்கள். கட்டுப்பணம் சற்று ஏறலாம், ஆனால் மறைத்தது பின்னர் தெரியவந்தால் இழப்பீடு முழுவதும் மறுக்கப்படலாம். வாடகைக்கு இருப்பவர்களின் பொருட்களை உங்கள் காப்புறுதி ஈடுசெய்யாது என்பதால், அவர்கள் தங்களுக்கென வாடகையாளர் காப்புறுதி எடுப்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது.

வாடகை வருமானம் காட்டுபவர் என்ற முறையில், இந்தச் செலவில் வாடகைப் பகுதிக்குரிய பங்கை வாடகை வருமானத்துக்கான டி776 வரிப் படிவத்தில் காட்டலாம். பேஸ்மென்ட் வீட்டின் பரப்பில் 40% என்றால், மானியத்தைக் கழித்த பின் மிஞ்சும் செலவில் 40%. பழுதானதைப் பழையபடி திருத்துவது அவ்வாண்டுச் செலவு. முன்பு இல்லாத ஒன்றைப் புதிதாகப் பொருத்துவது மூலதனச் செலவாகக் கருதப்படலாம். அப்படியானால், உங்கள் சொந்த வீட்டின் ஒரு பகுதிக்குத் தேய்மானம் கோருமுன் கணக்காளரிடம் கேளுங்கள், ஏனெனில் சிறிய தேய்மானக் கோரிக்கை ஒன்று, வீட்டை விற்கும்போது கிடைக்கும் மூலதன ஆதாய விலக்கின் ஒரு பகுதியைப் பாதிக்கக்கூடும்.

அந்த ஒப்பந்தகாரரின் தாளில் ஏற்கெனவே வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டிருந்தால், ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச்செய்ய உங்களுக்கு உரிமை தருகிறது. ரத்து அறிவித்தலை மின்னஞ்சலில் அனுப்பி நகலை வைத்திருங்கள்.

கமெரா அறிக்கையில் குழாய் உடைந்திருப்பதாக வந்தால், அது உங்கள் காணி எல்லைக்குள்ளா வெளியேயா என்று முதலில் கேளுங்கள். எல்லைக்கு வெளியே உள்ள பகுதி மாநகரசபையின் பொறுப்பு. உள்ளே என்றால் மாற்றும் செலவுக்கு ஹீலொக்கைப் பயன்படுத்தலாம், வாடகைப் பகுதிக்குரிய வட்டியையும் செலவாகக் காட்டலாம். வெளிப்புற நீர்த்தடுப்பை, அடுத்த வசந்தத்தில் பனி உருகும்போது சுவர் நனைகிறதா என்று பார்த்த பிறகு யோசித்தால் போதும். அப்போதும் ஒரு வெடிப்பில் மட்டும் ஈரம் தெரிந்தால், அந்த வெடிப்பை உள்ளிருந்தே அடைப்பதற்கான விலையைக் கேளுங்கள்.