டெலாவேர் எல்எல்சிக்கு ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட்டாக யாரைப் போடுவது?

நீங்கள் இருப்பது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) தொடங்கப்போவது டெலாவேர் மாநிலத்தில். அப்படியானால் டெலாவேரில் தெரு முகவரி உள்ள ரெஜிஸ்டர்ட் ஏஜென்ட், அதாவது கம்பெனிக்கு வரும் சட்ட ஆவணங்களை அதன் சார்பில் வாங்குபவர், கட்டாயம் வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது, உங்கள் டெக்சஸ் வீட்டு முகவரியும் செல்லாது.

ஏஜென்ட்டின் முக்கியமான வேலை, கம்பெனி மீது யாராவது வழக்குப் போட்டால் அந்தச் சம்மனை வாங்கி உங்களிடம் சேர்ப்பது. அது உங்கள் கைக்கு வராமல் போனால், நீங்கள் ஆஜராகாமலே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிடக்கூடும். அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன்பே, சம்மன் வந்தால் அன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்புவார்களா, ஃபோன் செய்தால் ஆள் பேசுவாரா என்று கேளுங்கள்.

அப்புறம்தான் விலை. முதல் வருடம் இலவசம் என்று சொன்னால் இரண்டாம் வருடக் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டாமல் விட்டால் ஏஜென்ட் விலகிக்கொள்ளலாம், புது ஏஜென்ட்டை நியமிக்காவிட்டால் எல்எல்சியே ரத்தாகும்.

ஜூன் 1-க்குள் டெலாவேருக்குக் கட்டவேண்டிய 300 டாலர் வருடாந்தர வரி ஏஜென்ட் கட்டணத்தில் சேராது, தவறினால் 200 டாலர் அபராதம், மேலே வட்டி.

ஆனால் வியாபாரம் முழுக்க டெக்சஸில்தான் என்றால் அங்கேயும் பதிவுசெய்து இன்னொரு ஏஜென்ட் வைக்க வேண்டிவரும். பேசாமல் டெக்சஸிலேயே தொடங்குங்கள் என்பேன். அங்கே நீங்களே ஏஜென்ட்டாக இருக்கலாம்; என்ன, முகவரி பொதுப் பதிவேட்டில் தெரியும், அலுவலக நேரத்தில் அங்கே இருக்கவும் வேண்டும்.