பல்லிக்குப் பசை எதற்கு?

கேள்வி: பல்லி காலடியில் வெற்றிடம் உண்டாக்கிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். இப்போது என் மகள் ‘வான் டெர் வால்ஸ் விசை’ என்கிறாள். அது மிகவும் பலவீனமான விசையாமே? நாளைக்கு வேறொன்று சொல்வார்கள். விஞ்ஞானிகள் சொல்வதில் எதைத்தான் நம்புவது? அத்தனை பிடிமானம் இருந்தால் பல்லி ஏன் நம் தலையில் விழுகிறது?

– வாசகர், விருதுநகர்

பதில்: கோபத்தை விஞ்ஞானிகள் மேல் காட்டாதீர்கள், பாடம் எழுதியவரைக் கேளுங்கள். வெற்றிடக் கதைக்கு ஜெர்மனியில் 1934-லேயே கருமாதி முடிந்துவிட்டது. உறிஞ்சிப் பிடிப்பதென்றால் வெளிக்காற்று அழுத்த வேண்டும். டெல்லிட் என்ற ஆய்வாளர் காற்றை அகற்றிவிட்டுச் சோதித்தார். பிடி அப்படியே இருந்தது. நிலைமின்சாரமோ என்று, மின்னூட்டம் கசிந்து போகும்படி எக்ஸ்-கதிரால் சுற்றியிருந்த காற்றை அயனியாக்கியும் பார்த்தார், அப்போதும் தளரவில்லை. இவ்வளவு தூரம் போவானேன்? ரப்பர் கிண்ணம் வைத்த கொக்கியைக் குளியலறை டைல்ஸிலும் சுண்ணாம்புச் சுவரிலும் ஒட்டிப் பாருங்கள். பல்லிக்கு இரண்டும் ஒன்றுதான்.

ராத்திரி ஜன்னல் கண்ணாடியின் மறுபக்கம் பல்லி வந்தால் அதன் விரல்களைக் கவனியுங்கள். குறுக்கே மடிப்பு மடிப்பாக வரிகள் தெரியும். ஒவ்வொரு வரியிலும் மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து தட்டையாக முடியும். அந்தத் தட்டை நுனியின் அகலம் சுமார் 200 நானோமீட்டர் (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சாதாரண நுண்ணோக்கிக்குச் சரியாகப் பிடிபடாத அளவு. எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு, 1960-களில்தான் தெளிவாகப் பார்த்தார்கள்.

இப்போது உங்கள் ‘பலவீனமான’ விசைக்கு வருவோம். மின்னூட்டமே இல்லாத மூலக்கூறுகளிலும் எலெக்ட்ரான்கள் நொடிக்கு நொடி இடம் மாறுவதால் ஒன்றை ஒன்று லேசாக இழுக்கும். சில நானோமீட்டர் விலகினாலே அந்த இழுப்பு ஏறக்குறைய காணாமல் போய்விடும். நம் உள்ளங்கையைச் சுவரில் வைத்தால் உண்மையில் தொடுவது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மேடுகள்தான். பல்லியின் நுனிகளோ சுவரின் மேடுபள்ளத்துக்கெல்லாம் வளைந்துகொடுத்து நெருங்கிவிடுகின்றன. 2000-ல் அமெரிக்காவில் கெல்லர் ஆட்டம், ராபர்ட் ஃபுல் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் ‘டோக்கே’ என்ற பெரிய பல்லியின் ஒற்றை மயிரைப் பிடுங்கி அளந்தார்கள். ஒரு மயிர் சுமார் 20 மில்லிகிராம் எடையைத் தாங்கியது. நான்கு கால்களிலும் சேர்த்து 65 லட்சம் மயிர்கள். பெருக்கிப் பாருங்கள்: 130 கிலோ! அந்தப் பல்லியின் எடை 50 கிராம் என்றால் வெறும் 2,500 மயிர்கள் போதும்.

என்னைக் கேட்டால், ஒட்டுவதைவிட விடுவதுதான் பெரிய வித்தை. இத்தனை பிடியோடு ஓடுவது எப்படி? மயிர்கள் சாய்வாக இருக்கின்றன. காலை அழுத்தி லேசாக இழுத்தால்தான் பிடிக்கும். மயிருக்கும் சுவருக்கும் இடையிலான கோணம் 30 டிகிரியைத் தாண்டினால் தானாகக் கழன்றுவிடும். அதனால்தான் பல்லி விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி உரித்து எடுக்கிறது. நொடியில் நூறில் இரண்டு பங்கு நேரம்கூட ஆவதில்லை. பிடித்திருக்க முயற்சியே வேண்டாம். செத்த பல்லியின் காலும் உயிருள்ளதைப் போலவே ஒட்டுவதை 2014-ல் கலிபோர்னியாவில் அளந்து காட்டினார்கள்.

‘நாளைக்கு வேறொன்று’ என்று குத்தினீர்கள். உண்மைதான், விவாதம் நடக்கிறது. ஈரப்பசை காரணமோ என்ற சந்தேகத்துக்காக, நீரை விரும்பும் பரப்பு, நீரை விலக்கும் பரப்பு இரண்டிலும் 2002-ல் சோதித்தார்கள். இரண்டிலும் ஒரேபோல் ஒட்டியது. ஆனால் காற்றில் ஈரம் கூடினால் பிடியும் கூடுகிறது என்று பிறகு வேறொரு குழு காட்டியது. கனடாவில் ஒரு குழு நிலைமின்சாரத்தை மறுபடி கூண்டில் ஏற்றியது. சண்டையெல்லாம் யாருக்கு எத்தனை பங்கு என்பதில்தான். வெற்றிடம் அந்தப் பாகப்பிரிவினையில் வாரிசே இல்லை.

கடைசியாக, தலையில் விழுவது. ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் காய்ந்திருந்தால் அதன் மேல் பல்லியால் நிற்க முடியாது. ஆனால் உங்கள் கூரைக்கு யாரும் டெஃப்லான் பூசியிருக்க மாட்டார்கள். பல்லி பிடித்திருப்பது சுவரின் மேல்தோலை மட்டும்தான். அந்தச் சுண்ணாம்புப் பொருக்கே பெயர்ந்தால் 65 லட்சம் மயிரும் என்ன செய்யும்? பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்ப்பதற்கு முன் சொல்லுங்கள்: வீட்டுக்கு வெள்ளையடித்து எத்தனை வருஷமாகிறது?