கானாவின் முதல் நோட்டுகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கானாவுக்கு 1957 மார்ச் 6-இல் சுதந்திரம். என்னிடம் உள்ள அந்நாட்டின் முதல் நோட்டில் 1958 என்று போட்டிருக்கிறதே, பிழையா?

பதில்: பிழை இல்லை. கொடி மாறிய அன்றே பணம் மாறிவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாணய வாரியத்தின் பவுண்டுதான் இன்னும் பதினாறு மாதம் ஓடியது. நைஜீரியா, சியரா லியோன், காம்பியாவிலும் அதே பணம். 1958 ஜூலை 14-இல் கானா வங்கி 10 ஷில்லிங், 1 பவுண்டு, 5 பவுண்டு நோட்டுகளை வெளியிட்டது. 1000 பவுண்டு நோட்டும் உண்டு. அது வங்கிகளுக்குள் கைமாற மட்டும்.

கேள்வி: அந்த நோட்டில் இருப்பது கானாவின் முதல் பிரதமர் என்க்ருமா படமா?

பதில்: இல்லை, அக்ராவிலுள்ள வங்கிக் கட்டடம். என்க்ருமா முகம் அதே ஆண்டு நாணயங்களில் இருந்தது, சுற்றிலும் லத்தீனில் 'கானா நாட்டை நிறுவியவர்' என்ற வாசகத்தோடு. 1960-இல் குடியரசாகும்வரை சட்டப்படி நாட்டின் தலைவர் எலிசபெத் ராணிதான். ராணி தலை இருக்க வேண்டிய இடத்தில் பிரதமர் தலை! எதிர்க்கட்சி சும்மா இருக்குமா?

கேள்வி: 1965-இல் பவுண்டுக்குப் பதிலாக வந்த பணமான சீடி, ஒரு பவுண்டுக்கு 2.4 என்கிறார்கள். இதென்ன விநோதக் கணக்கு?

பதில்: பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஆக 240 பென்னி. அந்தப் பென்னியின் மதிப்பைத் தொடாமல் பெசேவா என்று பெயர் மட்டும் மாற்றினார்கள். நூறு பெசேவா ஒரு சீடி. சந்தையில் சில்லறை கொடுப்பவருக்குச் சிரமமில்லை. பவுண்டில் கணக்கு எழுதியவர்பாடுதான் திண்டாட்டம். சீடி என்ற பெயர் அகான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மாலத்தீவுச் சோழிகளை டச்சுக்காரர்கள் இலங்கை வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து அவை மேற்கு ஆப்பிரிக்கா போயின. நாம் தாயம் உருட்டிய சோழி அங்கே ரொக்கம்.

கேள்வி: என்க்ருமா படம் போட்ட சீடி நோட்டு ஏன் சீக்கிரமே போய்விட்டது?

பதில்: நோட்டு வந்தது 1965 ஜூலை 19. ராணுவம் அவரைக் கவிழ்த்தது 1966 பிப்ரவரி 24. அடுத்த ஆண்டே 'புதிய சீடி' வந்தது, அவர் முகம் இல்லாமல். பழைய 1.2 சீடிக்குப் புதியது ஒன்று. அதாவது 120 பென்னி, சரியாகப் பத்து ஷில்லிங். பவுண்டுக்கு இரண்டு என்று கணக்கும் நேரானது. 2002-இல் வந்த 10,000 சீடி நோட்டில் என்க்ருமா திரும்பி வந்தார், இன்னும் ஐந்து தலைவர்களோடு.

கேள்வி: என் நோட்டு கசங்கியிருக்கிறது. இஸ்திரி போடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். கசங்கல் வயசைச் சொல்லும். இஸ்திரி போட்டால் இருக்கிற விலையும் போய்விடும்.