கோழிப்பண்ணைக் கழிவு கிணற்றில் கலந்தால்: யார் எடுக்கும் மாதிரி சட்டப்படி செல்லும்?

கேள்வி: நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். மேட்டுக்காட்டில் பெரிய முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. மழை பெய்தால் எருக்குவியலில் இருந்து வடியும் தண்ணீர் எங்கள் கிணற்றுப் பக்கம் வருகிறது. கிணற்றுத் தண்ணீரில் வாடை அடிக்கிறது. கேட்டால், "எருதானே, காட்டுக்கு நல்லது" என்கிறார் பண்ணைக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள். கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கவே கூடாது. கோழி எருவில் உள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. மழைத்தண்ணீரோடு நிலத்தடிக்கு இறங்கிவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அதனால் வாடை நின்றுவிட்டது, தண்ணீர் சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். இந்தியத் தரக்கட்டளைப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பணம் கட்டி நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி இரண்டையும் பாருங்கள்.

அப்புறம் சட்டம். லட்சம் கோழிக்குக் கீழே இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டாம் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2020இல் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் திருத்தச் சொன்னது, விதி இறுகியது. ஆனால் இசைவு இருக்கிறதோ இல்லையோ, 1974ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ கழிவை விடக் கூடாது என்கிறது. நிலத்தடி நீரும் அதில் அடக்கம். "எருதானே" என்ற பதில் இங்கே எடுபடாது.

பலரும் கோட்டை விடுவது மாதிரி எடுப்பதில்தான். நீங்களே பாட்டிலில் பிடித்துக் கொடுத்த தண்ணீரின் அறிக்கை, புகார் எழுதப் போதும். பண்ணையில் இருந்து வடியும் கழிவுநீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி அதே தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பண்ணைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை முறைப்படி பிரித்து முத்திரையிட்டு எடுத்தால்தான் வாரியத்தின் வழக்கில் அது நிற்கும். எனவே அந்த வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும்போது, "21ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்க வேண்டும்" என்றே எழுதுங்கள். மழை பெய்து வடிகிற நாளில் வரச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் வந்தால் காய்ந்த ஓடையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பண்ணையின் இசைவாணை நகலை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்.

பண்ணையை மூடச் சொல்வதைவிட எருவுக்குக் கூரை, சிமெண்ட் தளம், சுற்றிலும் வரப்பு கேட்பது சீக்கிரம் நடக்கும் என்பது என் எண்ணம். அதற்கும் அசையாவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. ஆனால் பிரச்சினை தொடங்கி 6 மாதத்துக்குள் போக வேண்டும். புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.